கோட்பாட்டுப் பௌதிகத்துக்கு நான்கு கணினிகள்: திருகோணமலையில் அமைப்பதும் ஓட்டுவதும்

விலைக்கூறல் கேட்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். கோட்பாட்டுப் பௌதிக ஆய்வுக்கு எவ்வளவு கணினி வேண்டும் என்பதைக் கடைக்காரரால் சொல்ல முடியாது. உங்கள் ஹாமில்டோனியனின், அதாவது தொகுதியின் சக்தியைத் தரும் தாயத்தின் (matrix), பரிமாணம்தான் சொல்லும்.

20 ஸ்பின்கள் கொண்ட ஹைசன்பர்க் வளையத்தை எடுப்போம். ஒரு ஸ்பினுக்கு இரண்டு நிலை என்றால் மொத்தம் 1,048,576 நிலைகள். இரட்டைத் துல்லிய எண் ஒன்றுக்கு 8 பைட். முழுத் தாயத்தையும் அப்படியே நினைவகத்தில் வைக்க ஏறத்தாழ 8.8 டிபி வேண்டும். மேல்நோக்கிய ஸ்பின் 10, கீழ்நோக்கியது 10 என்ற பகுதியை மட்டும் எடுத்தால் 184,756 நிலைகள். தாயம் 273 ஜிபி ஆகிவிடும். வளையத்தை ஓர் இடம் நகர்த்தினாலும் ஹாமில்டோனியன் மாறாது. அந்தச் சமச்சீரையும் பயன்படுத்தி உந்தம் பூச்சியமான பகுதிக்கு வந்தால் மிஞ்சுவது சுமார் 9,250 நிலைகள், தாயம் 0.7 ஜிபிக்கும் குறைவு. பூச்சியமும் π-யும் அல்லாத உந்தங்களில் எண்கள் சிக்கலெண்களாகும், அளவு இரட்டிக்கும். அப்போதும் 1.4 ஜிபிதான்.

8.8 டிபி நினைவகத்தைக் கேட்டு எங்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அதே பௌதிகம் 16 ஜிபி மேசைக் கணினியில் சில நிமிடத்தில் முடிகிறது. ஐகன் காவிகளும் தேவையென்றால் தாயத்தைப் போல மூன்று நான்கு மடங்கு வேலையிடம் வேண்டும். அதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். தரைநிலைச் சக்தி மட்டும் போதுமென்றால் தாயத்தைச் சேமிக்கவே வேண்டாம். தாயத்தால் ஒரு காவியைத் திரும்பத் திரும்பப் பெருக்கித் தரைநிலையை நெருங்கும் லான்சோஸ் முறைக்கு இரண்டு மூன்று காவிகளே போதும். மேல்நோக்கியதும் கீழ்நோக்கியதும் சம எண்ணிக்கையான பகுதியில் 24 ஸ்பின்னுக்கு 2,704,156 நிலைகள், ஒரு காவி 22 எம்பி. 30 ஸ்பின்னுக்கு 155,117,520 நிலைகள், ஒரு காவி 1.24 ஜிபி. சமச்சீரைத் தேடிச் செலவிடும் ஒரு வாரம் தரும் பயனை எந்தக் கொள்வனவும் தராது.

என்ன வாங்குவது

கோணேசபுரியில் உள்ள, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் போன்ற இடத்தில், ஒரு துறைக்குக் கிடைக்கக்கூடிய பணத்தில், ஒரு பெரிய சேர்வரை விட நான்கு நல்ல மேசைக் கணினிகளைக் கோத்து ஓட்டுவதே பொருத்தம் என்பது எங்கள் உறுதியான கருத்து. சேர்வரின் மின்வழங்கி பழுதானால் மாற்றுக்காகக் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதுவரை எல்லோருடைய வேலையும் நிற்கும். மேசைக் கணினியின் மின்வழங்கியை நகரத்துக் கடையிலேயே வாங்கி அன்றே மாற்றலாம், மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொன்றிலும் 8 கோர் செயலி, 64 ஜிபி நினைவகம், 1 டிபி எஸ்எஸ்டி. நினைவகத்தை இரண்டு 32 ஜிபி குச்சிகளாகவே கேளுங்கள். “பிறகு ஒன்று கூட்டிக்கொள்ளலாம்” என்று ஒற்றைக் குச்சி போட்டுத் தருவார்கள், ஏற்காதீர்கள். டிடிஆர்4-3200 வகையில் ஒரு சானலின் வேகம் செக்கனுக்கு 25.6 ஜிபி, இரண்டு சானலில் 51.2 ஜிபி. லான்சோஸ் போன்ற கணிப்புகளில் செயலி பெருக்குவதை விட, காவி நினைவகத்திலிருந்து வந்து சேரும்வரை காத்திருப்பதே அதிகம். ஒற்றைக் குச்சி என்றால் வாங்கிய கோர்களில் பாதி சும்மா இருக்கும்.

கொள்வனவுக் குழு மிகக் குறைந்த விலையைத்தான் பார்க்கும். விவரக்குறிப்பில் எழுதாதது எதுவும் வந்து சேராது. ஆகவே “64 ஜிபி” என்று மட்டும் எழுதாமல் “32 ஜிபி இரண்டு, இரு சானலில் பொருத்தியது” என்றும், மின்வழங்கியின் வாட் அளவையும், உத்தரவாத ஆண்டுகளையும் எழுதுங்கள்.

விளையாட்டுக்கான ஜிபியூ அட்டைகளை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசை ஜிஃபோர்ஸ் அட்டைகளில் இரட்டைத் துல்லிய வேகம் ஒற்றைத் துல்லிய வேகத்தில் 64இல் ஒரு பங்குதான். பெட்டியில் அச்சடித்திருப்பது ஒற்றைத் துல்லிய வேகம். ஐசிங் மாதிரியில் முழு எண்களை வைத்து மொன்டே கார்லோ (எழுமாற்று எண்களால் மாதிரியெடுக்கும் கணிப்பு) செய்வோருக்கும் நரம்பு வலையமைப்பைப் பயிற்றுவோருக்கும் அவை உதவும். தாயத்தின் ஐகன் பெறுமானம் காண்போருக்கு உதவாது.

நான்கில் ஒன்று தலைமைக் கணினி. அதில் 4 டிபி வன்தட்டு இரண்டை ஒன்றுக்கொன்று பிரதியாக வைத்து, எல்லோருடைய கோப்புறைகளையும் அங்கிருந்து பகிருங்கள். 8 வாயில் கொண்ட ஜிகாபிட் சுவிட்ச் ஒன்று போதும். அதில் நடைமுறையில் செக்கனுக்கு 110 எம்பி அளவு போகும். இயக்குதளம் டெபியன் அல்லது உபுண்டு, நான்கிலும் ஒரே பதிப்பு.

அறை

வாடைக் காற்று கடலிலிருந்து உப்பைக் கொண்டுவரும். கச்சான் தரையிலிருந்து வெக்கையையும் தூசியையும் கொண்டுவரும். இரண்டும் கணினிக்கு ஆகாது. கடல் பக்கம் யன்னல் உள்ள அறை வேண்டாம். மாரித் தண்ணீர் ஏறக்கூடிய தரைத்தளமும் வேண்டாம், கூரைத் தகட்டுக்கு நேர்கீழே உள்ள அறையும் வேண்டாம்.

நான்கு கணினியும் முழுச்சுமையில் தலைக்கு 200 வாட் எடுத்தால் 800 வாட். அந்த 800 வாட்டும் வெப்பமாகவே அறைக்குள் வரும்: மணிக்கு சுமார் 2,700 பிடியூ. சுவர் வெப்பத்தையும் ஆட்களையும் சேர்த்தாலும் 9,000 பிடியூ ஏசி ஒன்று தாராளம். அதை 25 பாகையில் வைத்து இரவும் பகலும் ஓட விடுங்கள். மாலையில் ஏசியை நிறுத்திவிட்டுப் போவதுதான் வழக்கமான பிழை. கதவும் யன்னலும் திறந்திருந்தால் ஈரக்காற்று உள்ளே வந்து, குளிர்ந்திருக்கும் உலோகத்தில் படியும். உப்போடு சேர்ந்த ஈரம் செப்பை அரிக்கும்.

அரிப்பு முதலில் தெரிவது நினைவகக் குச்சியின் தங்கப்பூச்சுத் தொடுமுனைகளில்தான். கணினி காரணமின்றி மீள ஆரம்பிக்கும், அல்லது நேற்று வந்த விடை இன்று கடைசி இலக்கங்களில் அல்லாமல் முன்னிலக்கங்களிலேயே மாறும். அப்படியானால் மெம்டெஸ்ட் நிரலை இரவு முழுதும் ஓட்டுங்கள். வழு காட்டினால் மின்னை முற்றாகத் துண்டித்து, குச்சியைக் கழற்றி, 99 வீத ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் பூட்டுங்கள். பென்சில் அழிறப்பரால் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது தங்கப் பூச்சையே உரித்துவிடும், அரிப்பு பிறகு இன்னும் வேகமாக வரும். கச்சான் காலத்தில் மாதம் ஒருமுறை தூசி வடிகட்டியைக் கழுவுங்கள். ஏசியின் வெளி அலகுக்கு நல்ல தண்ணீர் அடிப்பதும் அதோடு சேரட்டும்.

மின்சாரம்

இந்த நான்கும் இடைவிடாமல் ஓடினால் ஏசி இல்லாமலே மாதம் 580 அலகுக்குக் கிட்ட வரும். அதை நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

யூபிஎஸ்ஸில் எழுதியிருக்கும் விஏ அளவு வாட் அல்ல. வலுக்காரணி 0.6 என்றால் 2,000 விஏ என்பது 1,200 வாட்தான். 800 வாட் சுமைக்கு அது பொருந்தும். 1,000 விஏ பெட்டி மின் போன கணமே விழும். தூய சைன் அலை தரும் வகையாகக் கேளுங்கள். படிப்படியான போலி அலையைத் தரும் மலிவான பெட்டிகளோடு இக்காலத்து மின்வழங்கிகள் சில ஒத்துப்போவதில்லை. மின்கலத்துக்கு மாறும் நொடியில் கணினி அணைந்துவிடும், யூபிஎஸ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மின்கலம் வெக்கையில் சீக்கிரம் சாகும். ஆகவே யூபிஎஸ்ஸும் ஏசி அறைக்குள்ளேயே இருக்கட்டும்.

யூபிஎஸ்ஸை யூஎஸ்பி கம்பியால் தலைமைக் கணினியோடு இணைத்து, யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் (NUT) மென்பொருளை நிறுவுங்கள். மின் போய் 2 நிமிடம் ஆனதும் தலைமைக் கணினி மற்ற மூன்றுக்கும் சொல்லி, ஓடும் கணிப்புகளைச் சேமிக்க வைத்து, எல்லாவற்றையும் ஒழுங்காக அணைக்க வேண்டும். இங்கே பலரும் மறப்பது சுவிட்சை. அது சுவர்ச் செருகியில் இருந்தால் மின் போனதும் அதுவும் அணையும், செய்தி மற்றக் கணினிகளுக்குப் போய்ச் சேராது. சுவிட்சையும் யூபிஎஸ்ஸிலேயே செருகுங்கள். பயாஸில், மின் வந்ததும் தலைமைக் கணினி மட்டும் தானாக எழும்பட்டும், மற்றவை அணைந்தே இருக்கட்டும். இடிமழை நேரம் மின் வந்து வந்து போகும்; மின் 10 நிமிடம் நிலைத்த பிறகு தலைமைக் கணினி வலையமைப்பு வழியாக மற்றவற்றை எழுப்பினால் போதும்.

இடையில் நின்றாலும் தொடரும் கணிப்பு

யூபிஎஸ் தருவது சில நிமிடம். வளாகத்தின் மின்பிறப்பாக்கி உங்கள் அறைக்கு வருமென்ற உறுதி இல்லை. 2020 டிசம்பர் 2இல் புரேவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. அப்படியான நாளில் எந்த மின்கலமும் தாங்காது. ஆகவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் எந்த நிரலும், எந்தக் கணத்தில் அணைந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடியதாக இருக்க வேண்டும். இதை ஆய்வுமாணவர்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். முதல் நாளிலேயே எழுத வேண்டிய பகுதி இதுதான்.

எதைச் சேமிப்பது? மொன்டே கார்லோவில் ஸ்பின் அமைப்பு, இதுவரையான படி எண், இதுவரை கூட்டிய தொகைகள், எழுமாற்று எண் ஆக்கியின் உள்நிலை ஆகிய நான்கும். கடைசியானதை விட்டுவிட்டு, மீள ஆரம்பிக்கும்போது பழைய விதையையே (அந்த ஆக்கியின் தொடக்க எண்ணையே) மறுபடி கொடுப்பவர்கள் அதிகம். அப்போது முன்பு வந்த எழுமாற்று வரிசையே திரும்ப வரும், அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோள் உடையும், வழு எல்லை உண்மையை விடச் சிறிதாகக் காட்டும். லான்சோஸ் என்றால் கடைசி இரண்டு காவிகளும் இதுவரை கிடைத்த அல்பா, பீட்டா குணகங்களும் போதும். 24 ஸ்பின்னுக்கு அது வெறும் 43 எம்பி.

எப்படிச் சேமிப்பது? பழைய கோப்பின் மேலேயே எழுதக்கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. முதலில் தற்காலிகப் பெயரில் புதிய கோப்பை எழுதுங்கள். எழுதி முடிந்ததும் எஃப்சிங்க் அழைத்து, தரவு உண்மையில் தட்டுக்குப் போய்விட்டதை உறுதிசெய்யுங்கள். அதன் பிறகு பெயரை மாற்றி உரிய இடத்தில் வையுங்கள். ஒரே கோப்புத் தொகுதிக்குள் பெயர்மாற்றம் முழுதாக நடக்கும் அல்லது நடக்காது, பாதியில் நிற்காது. முந்தைய சேமிப்பையும் வேறு பெயரில் ஒன்று வைத்திருங்கள். இதையெல்லாம் அந்தந்தக் கணினியின் எஸ்எஸ்டியில் செய்து, பின்னர் தலைமைக் கணினிக்குப் பிரதியிடுங்கள். நேரே வலையமைப்புக் கோப்புறைக்கு எல்லோரும் ஒரே நேரம் எழுதினால் அந்த 110 எம்பி வேகத்தைப் பங்குபோட்டு அத்தனை பேரும் காத்திருக்க வேண்டிவரும்.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை? 1974இல் ஜான் யங் கொடுத்த எளிய சூத்திரம் இன்னும் போதுமானது: ஒரு சேமிப்புக்கு ஆகும் நேரத்தையும் இரு தடைகளுக்கிடையிலான சராசரி நேரத்தையும் பெருக்கி, அதை இரட்டித்து, வர்க்கமூலம் எடுங்கள். சேமிக்க 30 செக்கன், நாளுக்கு ஒரு தடை என்றால் 38 நிமிடம். மாரியில் 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடை வருமென்றால் 19 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்து நேரத்தைக் கரைப்பதும் நாளுக்கு ஒருமுறை சேமித்து நாளை இழப்பதும் இரண்டுமே வீண்.

எழுதியதைச் சோதியுங்கள். 1,000 படிகளை ஒரே மூச்சில் ஓட்டுங்கள். பின்னர் 500 படியில் வலுக்கட்டாயமாகக் கொன்று மீதியைத் தொடருங்கள். ஒற்றை இழையில் (thread) இரண்டு விடையும் கடைசிப் பிட் வரை ஒன்றாக இருக்க வேண்டும். பல இழைகளில் கூட்டல் வரிசை மாறுவதால் கடைசி ஓரிரு இலக்கம் வேறுபடலாம். அதற்கு மேல் வேறுபட்டால் எதையோ சேமிக்க மறந்திருக்கிறீர்கள்.

வரிசை

மூன்று பேருக்கு மேல் பயன்படுத்தினால் ஸ்லர்ம் போன்ற வரிசை மென்பொருள் வேண்டும். வாய்ப்பேச்சில் “இன்றைக்கு இரண்டாவது கணினி எனக்கு” என்று பகிர்வது ஒரு மாதம் கூடத் தாங்காது. நிறுவுவது ஒரு நாள் வேலை. சிக்குவது பெரும்பாலும் மூன்று இடத்தில்.

முதலாவது மஞ்ச் (Munge), கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காண ஸ்லர்ம் பயன்படுத்தும் நிரல். நான்கிலும் ஒரே திறவுகோல் கோப்பு இருக்க வேண்டும், நேரமும் ஒத்திருக்க வேண்டும். இயல்பான அமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் அனுமதி மறுக்கப்படும். தாய்ப்பலகையின் சிறு மின்கலம் செத்த கணினி நீண்ட மின்வெட்டுக்குப் பின் பழைய திகதியோடு எழும்பும், வரிசையும் அதைச் சேர்க்காது. க்ரோனியைத் தலைமைக் கணினியில் நேர வழங்கியாக ஓட்டினால் இது தீரும்.

இரண்டாவது நினைவகம். ஸ்லர்ம் கோர்களை மட்டும் எண்ணினால், 40 ஜிபி கேட்கும் இரண்டு வேலைகள் ஒரே 64 ஜிபி கணினியில் ஏறிவிடும். பிறகு இரண்டும் தட்டில் தவழும், அல்லது ஒன்று கொல்லப்படும். நினைவகத்தையும் பங்கிடும் வளமாக அமைத்து, ஒரு வேலை கேட்டதை விடக் கூட எடுக்க விடாத சீகுரூப் (cgroup) கட்டுப்பாட்டை இயக்குங்கள். அமைப்புக் கோப்பில் 64 ஜிபி கணினிக்கு 60,000 எம்பி என்று எழுதுங்கள். உண்மையில் இருப்பதை விடக் கூட எழுதினால் ஸ்லர்ம் அந்தக் கணினியை ஒதுக்கி வைத்துவிடும்.

மூன்றாவது இழைகள். தாயக் கணிப்புகளுக்கான ஓபன்பிளாஸ் நூலகம் தன்பாட்டில் எல்லாக் கோர்களையும் எடுக்கப் பார்க்கும். 8 கோர் கணினியில் 8 வேலை ஓட, ஒவ்வொன்றும் 8 இழை திறந்தால் 64 இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். ஓர் இழையில் ஓடியதை விட மெதுவாகும். வேலைக் கோப்பிலேயே இழை எண்ணிக்கையைக் கேட்ட கோர் எண்ணிக்கைக்குச் சமமாக வையுங்கள்.

நேர எல்லையை எல்லோரும் உண்மைக்குக் கிட்டக் கொடுக்கப் பழக வேண்டும். இரண்டு மணித்தியால வேலைக்கு ஏழு நாள் கேட்டால், இடைவெளியில் நுழைக்கக்கூடிய வேலையென்று ஸ்லர்முக்குத் தெரியாது. கேட்டவரே வரிசையில் பின்னுக்கு நிற்பார். நேரம் முடிய 300 செக்கன் முன்னதாகச் சமிக்ஞை அனுப்பும்படி கேட்டு, நிரல் அதைப் பெற்றதும் சேமித்துவிட்டு வெளியேறி மறுபடி வரிசையில் சேரட்டும். யூபிஎஸ் அணைப்பின்போதும் இதே சமிக்ஞை பயன்படும். வெப்பநிலை வாரியாக 50 மொன்டே கார்லோ ஓட்டங்களை ஒரே தொகுப்பாகப் போடும்போது விதையை நேரத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒரே செக்கனில் தொடங்குபவை எல்லாம் ஒரே விதையைப் பெறும். தொகுப்பின் வரிசை எண்ணிலிருந்து எடுங்கள்.

விடை சரியா

புதிய கணினி, புதிய தொகுப்பி, புதிய நூலகம் எதுவானாலும் தெரிந்த விடையில் தொடங்குங்கள். இரண்டு ஸ்பின் ஹைசன்பர்க்குக்கு −0.75, நான்கு ஸ்பின் வளையத்துக்கு −2, இரண்டும் பரிமாற்ற மாறிலியின் அலகில். முடிவிலிச் சங்கிலிக்கு ஒரு ஸ்பின்னுக்கான சக்தி −0.443147, 20 ஸ்பின் வளையத்தில் −0.4452 அளவு வர வேண்டும். சதுரக் கட்டத்து ஐசிங் மாதிரிக்கு ஒன்சாகர் 1944இல் கண்ட மாறுநிலை வெப்பநிலை 2.269. இந்தச் சோதனைகளை ஒரு கோப்பாக்கி, ஒவ்வொரு மேம்படுத்தலுக்குப் பிறகும் ஓட்டுங்கள்.

குறியீட்டுக் கணிதத்துக்கு மேத்தமேட்டிக்கா உரிமம் இல்லையென்று வேலையை நிறுத்த வேண்டாம். மேக்சிமா, சிம்பை இரண்டும் இலவசம்; ஃபைன்மன் வரைபடங்களின் நீண்ட கோவைகளுக்கு ஃபார்ம் நிரல் அவற்றை விட மிக வேகமானது. திண்மப் பொருள்களின் இலத்திரன் கட்டமைப்புக்குக் குவாண்டம் எஸ்பிரெசோ இருக்கிறது.

எதைப் பத்திரப்படுத்துவது, வெளியே எப்போது போவது

ஒன்றுக்கொன்று பிரதியான இரண்டு வன்தட்டு காப்புப்பிரதி ஆகாது. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் ஒரே கணத்தில் அழியும். நிரல், உள்ளீடு, விதை, தொகுப்பியின் பதிப்பு ஆகியவற்றுக்கு மூன்று பிரதிகள்: ஒன்று இங்கே, ஒன்று வேறு கட்டடத்தில், ஒன்று ஊருக்கு வெளியே. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக வேறொரு பல்கலைக்கழகத்து நண்பருடைய கணினிக்கு இரவில் ஆர்சிங்க் (rsync) நிரலால் பிரதியிடலாம். ஒரு வாரத்துக்குள் மறுபடி கணித்து எடுக்கக்கூடிய வெளியீடுகளுக்கு இத்தனை பாதுகாப்புத் தேவையில்லை.

தலைமைக் கணினிக்கு வெளியிலிருந்து நுழைவது எஸ்எஸ்எச் திறவுகோலால் மட்டும் இருக்கட்டும், கடவுச்சொல்லால் வேண்டாம். கொலாப் போன்ற இலவசச் சேவைகள் கற்பிக்கவும் சிறு சோதனைகளுக்கும் நல்லவை. இலவசக் கணக்கில் அதிகபட்சம் 12 மணித்தியாலம்தான் ஓடும், இடையிலும் துண்டிக்கப்படலாம். சேமித்துத் தொடரும் நிரல் உங்களிடம் இருந்தால் அதுவும் பெரிய தடையில்லை.

இவற்றில் அடங்காத கணிப்பு வந்தால்தான் வெளிநாட்டுக் கூட்டாளியின் பெரிய கணினியில் நேரம் கேட்க வேண்டும். அங்கே முதலில் கேட்பது, கோர்களைக் கூட்டக் கூட்ட வேகம் எப்படிக் கூடுகிறது என்ற அட்டவணையை. நிரலில் பத்தில் ஒரு பங்கு சமாந்தரமாக ஓடாதென்றால் எத்தனை கோர் போட்டாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் வராது. 1, 2, 4, 8 கோர்களில் ஒரே கணிப்பை மும்மூன்று தடவை ஓட்டி, நேரத்தையும் உச்ச நினைவகத்தையும் குறித்து, அந்த அட்டவணையோடு விண்ணப்பியுங்கள்.